மெல்பேர்ண் மேற்கில் வீடு கட்டுவதற்கு முன் வளவை வரையுங்கள்

தம்பி, மெல்பேர்ணின் மேற்குப் புறநகரான டார்னீட்டில் 400 சதுர மீற்றர் காணி வாங்கியிருக்கிறீர்கள், பில்டரோடு ஒப்பந்தம் போடப்போகிறீர்கள். நல்ல செய்தி. வளவு வேலையைச் சாவி கைக்கு வந்த பிறகு பார்க்கலாமா, முருங்கை, கறிவேப்பிலை, மாமரத்துக்கு இடம் விட்டு மிச்சத்துக்குக் கொங்கிறீட் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். வளவின் தலைவிதி வீட்டு வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கையெழுத்து வைக்கும் முன் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

முதலில் வடக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இங்கே வெயில் வடக்கால்தான் வரும். ஜூன் மாத நடுப்பகலில்கூட சூரியன் 29 பாகை உயரத்தைத் தாண்டாது. அப்போது 1.8 மீற்றர் வேலியின் நிழல் 3.3 மீற்றர் நீளத்துக்கு விழும். டிசம்பரில் அதே வேலிக்கு அரை மீற்றர் நிழல்தான். உங்கள் பின்வளவு வீட்டுக்குத் தெற்கே அமைந்தால், 5 மீற்றர் உயரமான முகடு நடுப்பகலில் 9 மீற்றருக்கு நிழல் போடும். இப்போதைய காணிகளில் பின்வளவின் ஆழமே அவ்வளவு வராது. குளிர்காலம் முழுக்க அங்கே பாசிதான் வளரும். நம்மவர்கள் வாஸ்துவுக்காகக் கிழக்கு வாசல் தேடுகிறார்கள். தேடுங்கள், ஆனால் அதோடு வடக்கையும் கேளுங்கள். படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போடச் சொன்னால் பல பில்டர்கள் செய்து தருவார்கள். கராஜ் தெற்குப் பக்கம் போகட்டும், வீட்டார் கூடியிருக்கும் அறையும் அதையொட்டிய வெளியும் வடக்கைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. வடக்குப் பக்கத்தில் வீட்டுக் கூரையையே நீட்டி 'அல்பிரெஸ்கோ' என்னும் வெளித்திண்ணை கட்டித் தருகிறேன் என்பார்கள். ஆழமான கூரை என்றால் குளிர்கால வெயில் அறைக்குள் எட்டாது. அந்த இடத்தில் திறந்த பந்தல் போட்டு முந்திரிகை (திராட்சை)க் கொடி ஏற்றுவதையே நான் விரும்புவேன். கோடையில் இலை நிழல் தரும், குளிரில் இலை உதிர்ந்து வெயிலுக்கு வழி விடும்.

அடுத்தது மண். மெல்பேர்ணின் மேற்கு, எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. பாறைக்கு மேலே கனத்த களி. மழைக்கு உப்பி, கோடைக்கு வெடிக்கும். உங்கள் மண் அறிக்கையில் மண் எவ்வளவு அசையும் என்பதைச் சொல்லும் M, H1, H2 என்று ஒரு வகுப்பு இருக்கும். H1 என்றால் நிலத்தின் மேற்பரப்பு 40 முதல் 60 மில்லிமீற்றர் வரை ஏறி இறங்கக்கூடும் என்று பொருள். அத்திவாரத்தின் ஒரு பக்கம் நனைந்தும் மறுபக்கம் காய்ந்தும் கிடந்தால் சுவர் வெடிக்கும். ஆகவே சுவரோடு ஒட்டிப் பாத்தி கட்டவேண்டாம். சுவரோர நிலம் முதல் ஒரு மீற்றருக்குள் 50 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் சரிய வேண்டும். செங்கல் சுவரின் அடியில் இருக்கும் நீர்த்துவாரங்களை மண்ணோ கல்லோ மூடக்கூடாது. அத்திவார விளிம்பில் 75 மில்லிமீற்றர் கண்ணுக்குத் தெரியவேண்டும், கறையான் ஏறினால் அங்கேதான் பிடிபடும்.

மரங்களுக்கும் இதே கணக்குத்தான். H1, H2 வகுப்பு மண்ணில் ஒரு மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் வீட்டிலிருந்து தள்ளி நிற்கவேண்டும். 400 சதுர மீற்றரில் பெரிய மரத்துக்கு இடமில்லை. காணியின் பின்னால் 'ஈஸ்மென்ட்', அதாவது பொதுச் சேவைகளுக்கு ஒதுக்கிய நிலப்பட்டை, இருந்தால், அதன் கீழே கழிவுநீர்க் குழாய் ஓடக்கூடும், அங்கேயும் ஆழ வேரோடும் மரம் ஆகாது.

முழுக்கக் கொங்கிறீட் போட சட்டமும் இடம் தராது. விக்டோரியாவில் காணியின் 20 வீதமாவது நீர் ஊறும் நிலமாக இருக்கவேண்டும், உங்களுக்கு அது 80 சதுர மீற்றர். 40 பாகை செல்சியஸ் வெயிலில் கொங்கிறீட் வெளி எப்படி இருக்கும் என்பது முதல் கோடையிலேயே தெரியும். அம்மா அப்பா வந்தால் மாலையில் கால் வைக்கவும் முடியாது.

ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள்: பின்னாலும் பக்கத்திலும் தண்ணீர்க் குழாய், வெளியே மின்சார இணைப்பு, பிறகு தண்ணீரோ மின்கம்பியோ கொண்டுபோக வாகனப் பாதைக்கு அடியால் ஒரு வெற்றுக் குழாய். கொங்கிறீட் ஊற்றிய பிறகு அந்தக் குழாயைப் புகுத்துவது பெரிய செலவு. ஒரு பக்கத்தில் சின்ன இயந்திரம் போகும் அகலமும் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மண் முழுவதும் தள்ளுவண்டியில்தான் வரும். மண் வாங்கித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் கட்டட வேலையில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் களியில் ஒரு சிறு கட்டியை மழைநீர் நிறைத்த கண்ணாடிக் குவளையில் போட்டு ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கினால் களியை இளக்கும் ஜிப்சம் தூள் பலன் தரும். கலங்காவிட்டால் கொம்போஸ்ட் போதும்.

இனி உங்கள் ஆசை மரங்கள். கறிவேப்பிலையைப் பெரிய சாடியில், வடக்கு வெயில் படும் செங்கல் சுவரோரம் வையுங்கள். குளிரில் இலை கொட்டும், பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். முருங்கைக்கும் அதே இடம்தான், உறைபனி பட்டால் கருகும். மாமரத்தில் நம்பிக்கை வைக்கவேண்டாம். எலுமிச்சை, மாதுளை, அத்தி மூன்றும் இங்கே மனம் விட்டுக் காய்க்கும். தக்காளி நாற்றை நவம்பர் முதல் செவ்வாய், மெல்பேர்ண் கப் குதிரைப் பந்தய நாளை ஒட்டி நடுவது இங்குள்ளவர்களின் வழக்கம். பாகலும் பயிற்றையும் மண் சூடான பிறகுதான் முளைக்கும். வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் குளிர் மாதங்களில் செழிக்கும்.

அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ஊரிலிருந்து கன்றோ தண்டோ கொண்டுவரக்கூடாது, விதை என்றால் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்கவேண்டும். கறிவேப்பிலையில் தங்கும் ஒரு சிறு பூச்சி, எலுமிச்சை இனத்தையே அழிக்கும் நோயைப் பரப்பும். அந்த நோய் அவுஸ்திரேலியாவில் இல்லை, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. கறிவேப்பிலைக் கன்று இங்கேயே நாற்றுப்பண்ணைகளில் வாங்கலாம்.