எண்கோட்டில் அசமன்பாடுகள்: கேள்வி பதில்

கேள்வி: க < 3 என்பதற்கு வெற்று வட்டமும் க ≤ 3 என்பதற்கு நிரப்பிய வட்டமும் இட வேண்டும் என்கிறார்கள். இந்தச் சிறு வேறுபாட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா?

பதில்: நியாயம்தான். வட்டத்தை நிரப்பினால் 3-உம் ஒரு தீர்வு என்று பொருள். நிரப்பாமல் விட்டால், 2.9, 2.99, 2.999 என எவ்வளவு நெருங்கி வரும் எண்களும் தீர்வுகளாகும், 3 மட்டும் ஆகாது. இந்தியாவில் வாக்காளராகத் தகுதி நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அதாவது க ≥ 18. இங்கே வெற்று வட்டம் இட்டால், அன்றுதான் 18 வயதை நிறைவு செய்தவரின் வாக்குரிமை பறிபோய்விடும்.

கேள்வி: குறியின் முனை காட்டும் திசையிலேயே அம்பை வரையலாம் என்று என் மகள் கற்றிருக்கிறாள். அது சரியா?

பதில்: மாறி (மதிப்பு தெரியாத எழுத்து, இங்கே க) குறிக்கு இடப்புறம் இருக்கும் வரை சரியாக வரும், எனினும் இந்தக் குறுக்குவழியை நான் பரிந்துரைப்பதில்லை. 5 < க என்று கொடுத்தால் முனை இடப்புறம் காட்டும், தீர்வுகளோ 5-க்கு வலப்புறம் இருக்கும். 0-ஐ இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 < 0 என்பது பொய், ஆகவே 0 இல்லாத பக்கமே விடை.

கேள்வி: −2க < 6 என்பதை −2 ஆல் வகுக்கும்போது குறி ஏன் திரும்புகிறது? காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்ய விருப்பமில்லை.

பதில்: எண்கோட்டில் 2, 5 ஆகியவற்றைக் குறித்து, இரண்டையும் −1 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் 0-ஐக் கடந்து மறுபுறத்தில் அதே தொலைவில் போய் நிற்கிறது; வலக்கோடியில் இருந்த 5 இப்போது −5 ஆகி, −2-க்கும் இடப்புறம் வந்துவிடுவதால், 2 < 5 என்றிருந்த வரிசை −2 > −5 என மாறுகிறது. குறை எண்ணால் வகுத்தாலும் இதுவே நிகழ்கிறது. கூட்டலிலும் கழித்தலிலும் எல்லா எண்களும் ஒரே பக்கமாக ஒரே அளவு நகர்வதால் வரிசை கெடுவதில்லை. ஆகவே விடை க > −3. −3-இல் வெற்று வட்டம், அங்கிருந்து வலப்புறம் அம்பு. குறியைத் திருப்ப மறந்து க < −3 என்று எழுதியவர், −4-ஐ மூல அசமன்பாட்டில் இட்டால் 8 < 6 என்று வரும். பிழை அங்கேயே பிடிபடும்.

கேள்வி: −2 < க ≤ 3, க ஒரு முழு என்றால், இடைப்பட்ட கோட்டைத் தடிப்பாக்கலாமா?

பதில்: கூடாது. முழுக்கள் என்றால் −1, 0, 1, 2, 3 ஆகிய ஐந்து புள்ளிகள் மட்டுமே. கோட்டை இழுத்தால் 1/2 போன்றவையும் தீர்வாகிவிடும். க மெய்யெண் என்றிருந்தால் மட்டும் −2-இல் வெற்று வட்டமும் 3-இல் நிரப்பிய வட்டமும் இட்டு இடையைத் தடிப்பாக்குங்கள்.