மருத்துவமனைக்குப் புதிய மென்பொருள் வருகிறது, ஊழியர்களுக்கான ஆன்லைன் பயிற்சியை எப்படி அமைப்பது?

எல்லோருக்கும் ஒரே இரண்டு மணி நேர வீடியோ என்ற யோசனை இருந்தால், முதலில் அதை விட்டுவிடுங்கள். மெனு மெனுவாகக் காட்டினால் யார் மனதிலும் நிற்காது. வார்டு நர்ஸ், மருந்தகம், லேப், பில்லிங் என்று பிரித்து, ஒரு வேலைக்கு ஐந்து நிமிடப் பாடம் ஒன்று போதும். நைட் டியூட்டி முடித்து வருகிறவர் செல்போனிலேயே பார்த்துவிடலாம். பதிவு கவுண்டருக்கு மட்டும் நோயாளியின் 14 இலக்க ஆபா எண்ணை (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) இணைப்பது தனிப் பாடம்.

ஆனால் செய்து பார்த்தால்தான் கை பழகும். கற்பனை நோயாளிகளை வைத்து ஒரு பயிற்சித் தளம் கேளுங்கள். மென்பொருள்காரர்கள் இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். அதில் வேண்டுமென்றே சிக்கல் வையுங்கள்: ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, இருவருக்கும் வயது 52. மருந்து கொடுத்ததைப் பதியும்போது பெயரை மட்டும் பார்த்து அமுக்குகிறாரா, நோயாளி எண்ணையும் சரிபார்க்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தப்பாகப் பதிந்ததைத் திருத்துவது, நெட் போனால் காகிதத்தில் எழுதி அப்புறம் ஏற்றுவது, இரண்டையும் பழக்குங்கள்.

நாங்கள் ஒருமுறை இரண்டு மாதம் முன்பே பயிற்சி கொடுத்துவிட்டோம். தொடங்கிய அன்று பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டே ஞாபகமில்லை. கடைசி இரண்டு வாரத்தில் வையுங்கள், அதுவும் டியூட்டி நேரத்துக்குள்.