மகளே கேட்டாலும் அது வரதட்சணைதான்

அன்புள்ள ஐயா,

மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. ‘உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்யுங்க’ என்றார்கள். 40 பவுன் போட்டோம். இப்போது மாடி கட்ட 5 லட்சம் வேண்டுமென்று மகளே போனில் கேட்கிறாள். குரல் சரியில்லை. வந்துவிடுகிறேன் என்றாள். கொஞ்சம் அனுசரித்துப் போ என்றோம். அவளே கேட்பது வரதட்சணையா? நாங்களும் கொடுத்தவர்கள், புகார் செய்தால் எங்கள்மேல் வழக்கு வருமா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

வரதட்சணைதான். மத்தியப் பிரதேசத்தில் வீடு கட்டப் பணம் கேட்டு வதைக்கப்பட்ட கர்ப்பிணி ஒருத்தி தீயில் கருகி இறந்தாள். ‘அவளேதான் பிறந்த வீட்டில் கேட்டாள்’ என்று உயர் நீதிமன்றம் கணவர் வீட்டாரை வரதட்சணை மரணக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவளைக் கேட்க வைத்ததே கொடுமை என்றுதான் பார்த்தது. உங்கள் மகள் பேசும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? போன் ஸ்பீக்கரில் இருக்கிறதா?

1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாக்குமூலத்துக்காக அவர்மீதே வழக்குப் போட முடியாது என்கிறது அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு. அந்தப் பயம் வேண்டாம்.

எனக்குப் பயம் ‘அனுசரித்துப் போ’ என்ற சொல்லில்தான். எங்கள் தெருப் பெண் ஒருத்தி மூன்று தடவை திரும்பி வந்தாள். மூன்றாம் தடவை அவள் அம்மா ஒரு தூக்கு முறுக்கைக் கையில் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடித்துக் கொடுத்தவன் நான். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அடுத்து அவளைப் பார்த்தது பிணவறையில். கல்யாணமாகி 7 வருடத்துக்குள் இறந்ததால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. வந்தவளை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டபோது அந்த அம்மாவுக்கும் எனக்கும் பதில் இல்லை. நாட்டில் 2023இல் மட்டும் 6,000க்கும் மேல் வரதட்சணை மரணங்கள் பதிவாயின. அதில் எத்தனை பேர் முன்பே வீட்டுக்கு வந்து பார்த்தவர்களோ.

போனில் பேச வேண்டாம், நேரில் கிளம்பிப் போய் அழைத்து வாருங்கள். தடுத்தால் 181க்குக் கூப்பிடுங்கள், மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று அவள் அப்பா யோசித்தால் நீங்கள் தனியாகவாவது போங்கள். நகையும் சீரும் அவளுடைய சொத்து என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பிறகு கேட்டு வாங்கலாம். முதலில் அவள் வரட்டும்.