மூக்குத்தண்டில் மேடு தெரிகிறது: உடனே இன்னொரு ஆபரேஷனுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, ஊர் கோவை. மூக்குத்தண்டில் இருந்த புடைப்பைக் குறைக்க ஏழு மாதத்துக்கு முன் சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒரு லட்சத்து 45 ஆயிரம் ரூபாய் ஆனது. வீக்கம் வடிய வடிய வலது பக்கம் ஒரு சின்ன மேடு தெரிகிறது, விரல் வைத்தால் தட்டுப்படுகிறது. அதே கிளினிக்கில் “ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) போட்டுவிடலாம், 10 நிமிட வேலை, 28 ஆயிரம்” என்கிறார்கள். வேறொரு டாக்டர், “இந்த மாதமே முன்பணம் கட்டினால் சலுகை விலையில் ரிவிஷன் (திருத்த ஆபரேஷன்) செய்து தருகிறேன், விலா எலும்புப் பக்கத்திலிருந்து குருத்தெலும்பு எடுக்க வேண்டும்” என்கிறார். எதற்குக் கட்டுவது? கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

பதில்: இப்போதைக்கு இரண்டுக்குமே கட்ட வேண்டாம். கண்ணாடி பார்த்து அழுகிற நிலையில் இருப்பவர்தான் முன்பணத்துக்குச் சீக்கிரம் சம்மதித்துவிடுவார். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூக்கு ஆபரேஷனில் வரும் வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். மிச்சம் முழுதாக வடிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், தோல் தடிமனாக இருந்தால் இன்னும் கூடும். ஏழாவது மாதத்தில் விரலுக்குத் தட்டுப்படுவது எலும்பின் முனையா, குருத்தெலும்பா, உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் தழும்பா என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம். தழும்பாக இருந்தால் தானாகவே இளகி அமுங்கவும் வாய்ப்பு உண்டு. ரிவிஷனுக்குப் பொதுவாக 12 மாதமாவது காத்திருக்கச் சொல்வது இதனால்தான். உங்களுக்கு மெல்லிய தோல் என்றால் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெல்லிய வேட்டித் துணிக்கு அடியில் கடுகு கிடந்தாலும் தெரியுமல்லவா, அதுபோலத்தான். நன்றாகச் செய்த ஆபரேஷனிலும் சின்ன மேடு பள்ளம் வெளியே தெரியும்.

சரி, ஒரு வருடம் கழித்தும் மேடு அப்படியே இருந்தால்? காரணம் என்ன என்பதைப் பொறுத்து வேலையும் மாறும், செலவும் மாறும். எலும்பை அராவிய இடத்தில் ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், அதைத் திரும்ப அராவுவது சின்ன வேலை. பல சமயம் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடுவார்கள். பள்ளமாக இருந்தால், நசுக்கி மென்மையாக்கிய குருத்தெலும்பையோ, காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் சவ்வையோ எடுத்து அடியில் வைத்து நிரவுவார்கள். மூக்கின் நடுப்பகுதி உள்வாங்கி, எலும்பு முடியும் இடத்தில் தலைகீழ் ‘வி’ போல நிழல் விழுந்தால் விஷயம் பெரிது. அங்கே பக்கவாட்டுக் குருத்தெலும்பு எலும்பை விட்டு விலகி உள்ளே சரிந்திருக்கும், மூச்சும் அடைக்கலாம். நடுச்சுவருக்குப் பக்கத்தில் குருத்தெலும்புப் பட்டை வைத்து அகலப்படுத்த வேண்டும். மூக்கின் நடுச்சுவரிலும் காதிலும் கிடைக்கும் குருத்தெலும்பு போதாதபோதுதான் பொதுவாக விலாப் பக்கம் போவார்கள். ஒரு சின்ன மேட்டுக்கு எடுத்த எடுப்பில் விலா என்றால், “ஏன், காது போதாதா?” என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 10 நிமிட ஃபில்லர். அது மேட்டைக் கரைக்காது. சுற்றியுள்ள பள்ளத்தை நிரப்பி மேட்டை மறைக்கும், அவ்வளவுதான். அதுவும் தற்காலிகம். என் கவலை விலை அல்ல. ஊசி மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் அழுகலாம். மூக்குத்தண்டின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை என்பதால் பார்வையே போனவர்களும் உண்டு. அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஏற்கெனவே கத்தி பட்ட மூக்கில் ரத்தக்குழாய்களின் போக்கு மாறியிருக்கும், ஆபத்து இன்னும் கூடும். பின்னாளில் யோசித்தே ஆக வேண்டுமானால் ஹயலுரானிக் அமில வகை மட்டும் போதும். அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்து அதே அறையில் தயாராக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிரந்தர ஃபில்லர் வேண்டவே வேண்டாம். ஊசி போடும்போது திடீர் வலியோ, தோல் வெளுப்போ, பார்வை மங்கலோ வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

கேள்வி (அதே வாசகி): ஒரு வருடம் காத்திருந்தால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாதா?

பதில்: உடலுக்குத்தான் காத்திருக்கச் சொன்னேன். காகித வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி வழக்குக்கு மூல காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாதம் எதுவும் வராமலிருக்க, ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 17 மாதம் மிச்சம் இருக்கிறது.

கிளினிக்குக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், முன்-பின் படங்கள், பில் எல்லாவற்றின் நகலும் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அவர்கள் விளம்பரத்தில் ‘100 சதவீத உத்தரவாதம்’ போன்ற வாக்குறுதி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் நேராகவும் இரு பக்கமாகவும் படம் எடுங்கள். இது உங்கள் சர்ஜனுக்கும் உதவும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விளைவு பிடிக்கவில்லை என்பது மட்டும் சட்டத்தில் கவனக்குறைவு ஆகாது. நியாயமான கவனம் இல்லாமல் செய்தார்கள் என்றோ, மேடு பள்ளம் வரலாம், ரிவிஷன் தேவைப்படலாம் என்று சொல்லாமலே கையெழுத்து வாங்கினார்கள் என்றோ காட்ட வேண்டும். அதனால் ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படியுங்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆபரேஷன் சென்னையில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் கிடையாது.

அதற்கு முன் பழைய சர்ஜனிடமே ஒருமுறை போய், மேட்டைக் காட்டி, கேஸ் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ‘இலவச ரிவிஷன்’ என்றால் எது இலவசம் என்று எழுதி வாங்குங்கள். சர்ஜன் கட்டணத்தை மட்டும் விட்டுவிட்டு, தியேட்டருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் தனியாகப் பில் போடும் இடங்கள் உண்டு.

கேள்வி (மதுரை வாசகர்): பைக் விபத்தில் உடைந்து கோணலான மூக்குத்தண்டைச் சரிசெய்தேன். பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை என்றே தோன்றுகிறது. அழகுக்காகச் செய்தால்தான் 18 சதவீதம். விபத்தாலோ பிறவிக் குறையாலோ பாதித்த உறுப்பைச் சீரமைக்கும் சர்ஜரிக்கு வரிவிலக்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டிலும் விபத்துக்குப் பிந்தைய சீரமைப்பை அழகு சிகிச்சையாக ஒதுக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘விபத்துக் காயம்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதைக் காட்டி பில்லைத் திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்.