46 வயதில் மரியோ

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 46. சிறுவயதில் என்னிடம் வீடியோ கேம் கன்சோல் எதுவும் இருந்ததில்லை. போன வருடம் நண்பர் ஒருவர் வீடு மாறும்போது தன் பழைய சூப்பர் நின்டெண்டோவைக் கொடுத்தார். சும்மா தொடங்கியது, இப்போது மெகா டிரைவ், கேம் பாய், முதல் பிளேஸ்டேஷன் என்று அலமாரி நிறைந்துவிட்டது. "சின்ன வயது ஏக்கம்" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நான் சின்ன வயதில் இதையெல்லாம் தொட்டதே இல்லையே, எதை நினைத்து ஏங்குவது?

எல்லாம் எமுலேட்டரில் (பழைய கன்சோல் போலக் கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள்) ஓடும்போது பழைய பொருளைத் தேடி அலைவது மடத்தனம் என்கிறான் மகன். அது ஒரு பக்கம். பாதி விளையாட்டுகளில் என்னால் இரண்டாவது லெவலைத் தாண்ட முடியவில்லை, இது வயதுக் கோளாறா? அப்புறம், பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கார்ட்ரிட்ஜ், அதாவது கன்சோலில் செருகி ஆடும் விளையாட்டுப் பேழை, கைக்கு வந்திருக்கிறது. எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள் என்றார் விற்றவர். நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பொறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கு வரும் கடிதங்களில் பாதி, நாவலை எப்படித் தொடங்குவது என்று கேட்பவை. உங்களுடையது நல்ல மாறுதல். நானும் இந்தப் பக்கம் தாமதமாக வந்து சேர்ந்தவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏக்கம் பற்றிய வழக்கில் நியாயம் உங்கள் பக்கம். தான் பிறப்பதற்கு முன்னால் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒருவர் தேடிப் பார்த்தால் அதை ரசனை என்கிறோம். விளையாட்டுக்கு மட்டும் அந்த மரியாதையைத் தர மறுக்கிறோம். உண்மையில் சிறுவயதில் விளையாடியவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் அந்தக் கார்ட்ரிட்ஜைச் செருகினால் கூடவே கோடை விடுமுறையும் அண்ணனோடு போட்ட சண்டையும் சேர்ந்து ஓடும். சுமாரான ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. உங்களுக்கு அந்தக் கடன் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் பத்து நிமிடத்தில் எடுத்து வைத்துவிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. வளர்ந்த ஆளுக்கு, ஆட்டத்தைச் செய்தவர்கள் பட்ட பாடு கண்ணில் படும். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இடத்துக்குள் 32 நிலைகள், இசை, எதிரிகள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே உருவத்தில் செய்து நிறத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். பத்து வயதில் இதெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்? 1999இல் வந்த சைலன்ட் ஹில் இன்னும் அழகான உதாரணம். தெருவின் மறுகோடி வரை வரைந்து காட்டுகிற சக்தி பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அதை மறைக்க மூடுபனியைப் பரப்பினார்கள். கடைசியில் அந்த ஆட்டத்தில் நாம் பயப்படுவதே அந்தப் பனிக்குத்தான்.

உங்களிடம் சூப்பர் நின்டெண்டோ இருப்பதால் சூப்பர் மெட்ராய்டைச் சொல்லாமல் போக முடியாது. 1994இல் வந்தது. அதில் ஓர் இடத்தில் ஆழமான குழிக்குள் மாட்டிக்கொள்வீர்கள். ஏறிவர வழி தெரியாது. அங்கே மூன்று குட்டிப் பிராணிகள், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவித் தாவி மேலே போய்க்கொண்டிருக்கும். இந்தப் பொத்தானை அழுத்து என்று ஒரு வரிகூடத் திரையில் வராது. கொஞ்ச நேரம் அவற்றை வேடிக்கை பார்த்துவிட்டு நீங்களும் செய்து பார்க்க வேண்டியதுதான். இன்னோர் இடத்தில் தீக்கோழி மாதிரி ஒன்று வேகமாக ஓடி, நின்று, ராக்கெட் போல மேலே பாயும். அதுவும் பாடம்தான். மாணவனை மதிக்கிற இப்படிப்பட்ட வாத்தியார்கள் இன்றைய விளையாட்டுகளில் குறைவு. அம்புக்குறியும் விளக்கக் கட்டமும் போட்டே நம்மைக் கொன்றுவிடுகிறார்கள்.

சரி, இரண்டாவது லெவல் விஷயத்துக்கு வருகிறேன். வயதுக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். முதல் சந்தேகம் உங்கள் டிவி மேல்தான் வர வேண்டும். பழைய கன்சோலைப் புதிய தட்டை டிவியில் நேரடியாகச் செருகினால், அந்த அனலாக் படத்தைப் பெரிதாக்கித் துலக்கிக் காட்ட டிவி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலே மைக் டைசனின் பஞ்ச்-அவுட் போன்ற ஆட்டத்தில் நீங்கள் குத்து வாங்கிக்கொண்டே இருப்பீர்கள், எதிராளியின் கை அசைவதைப் பார்ப்பதற்குள் அது உங்கள் முகத்தில் இருக்கும். டிவியில் கேம் மோடு இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். பழைய படக்குழாய் டிவி கிடைத்தால் விடாதீர்கள், அதில் இந்தத் தாமதம் இல்லவே இல்லை.

அடுத்தது, அந்தக் கால ஆட்டங்கள் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டவை. பல ஆட்டங்களின் வேர் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக் கன்சோலிலும் அரை மணி நேரத்துச் சரக்கை மாதக்கணக்கில் ஓட வைக்க ஒரே வழி, தோற்கடித்துக்கொண்டே இருப்பதுதான். மெகா டிரைவில் 1994இல் வந்த கான்ட்ரா: ஹார்ட் கோர் ஜப்பானியப் பதிப்பில் மூன்று அடி வாங்கினால்தான் ஓர் உயிர் போகும். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடி, ஆள் காலி. அதே ஆட்டம், அதே வேகம், தண்டனை மட்டும் மூன்று மடங்கு.

செய்தவர்களுக்கே முடியவில்லை என்பதற்கும் கதை இருக்கிறது. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி நிறுவன நிரலாளர் 1986இல் கிரேடியஸ் என்ற ஆர்கேட் ஆட்டத்தை நின்டெண்டோவின் வீட்டுக் கன்சோலான ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் அவரால் அதை ஆடி முடிக்க முடியவில்லை. அதனால் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதமும் வந்துசேரும்படி தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது வெளியான கார்ட்ரிட்ஜிலும் தங்கிவிட்டது. பிறகு அதே வரிசை கான்ட்ராவில் 30 உயிர்கள் தந்தது. அவரே பயன்படுத்தியதை நீங்கள் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டியதில்லை. எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேவ் செய்வதும் எனக்குச் சம்மதமே. தூய்மைவாதிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கிற ஆளுக்கு அவர்களுடைய விதி பொருந்தாது.

கையேடு இல்லாமல் வெறும் கார்ட்ரிட்ஜை வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கிறது. அன்று கதை, பொத்தான்கள், வரைபடம் எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் இருந்தன, திரையில் இல்லை. கையேட்டின் ஸ்கேனைத் தேடிப் படித்துவிட்டு ஆடினாலே பாதி குழப்பம் தீரும்.

மகன் சொல்வதை நான் முழுக்க மறுக்க மாட்டேன். பத்தில் எட்டு விளையாட்டுகளுக்கு எமுலேட்டரோ, நிறுவனங்களே வெளியிடும் மறுபதிப்புத் தொகுப்போ போதும். மீதி விளையாட்டுகளில்தான் பொருள் கையில் இருந்தாக வேண்டும். அவை திரையை விட்டு வெளியே கை நீட்டுபவை. 1998இல் வந்த மெட்டல் கியர் சாலிடில் ஒரு பெண்ணை ரேடியோவில் அழைக்க வேண்டும், அலைவரிசை தெரியாது. சிடி உறையின் பின்பக்கம் இருக்கிறது என்று ஒரு பாத்திரம் சொல்லும். ஆட்டத்துக்குள்ளும் ஒரு டிஸ்க் கிடைத்திருப்பதால் பலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏமாந்தார்கள். எண் அச்சாகியிருப்பது உங்கள் அலமாரியில் உள்ள நிஜ உறையில். அதே ஆட்டத்தில் ஒரு வில்லன் உங்கள் மெமரி கார்டைப் படித்து, முன்பு என்ன விளையாடினீர்கள் என்று சொல்லிக் காட்டுவான். அவனை ஜெயிக்க கன்ட்ரோலரைக் கழற்றி இரண்டாவது துளையில் செருக வேண்டும்! 1990இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸ் பெட்டிக்குள் ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். அதைத் தண்ணீரில் நனைத்தால் 747 என்ற எண் தெரியும், அது இல்லாமல் கதை நகராது. வாடகைக்கு எடுத்து ஆடியவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

வாத்து சுடும் டக் ஹன்ட்டும் அப்படித்தான். அதை ஆடக் கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழலின் முனையில் உள்ள ஒளி உணரி அதைக் கண்டால் வாத்து விழும். படக்குழாய் டிவியின் வேகத்தை நம்பிக் கட்டிய ஏற்பாடு இது, தட்டை டிவியில் எவ்வளவு சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும். மெகா டிரைவின் முதல் சோனிக்கில் அருவியைப் பாருங்கள். புதிய திரையில் கம்பி கம்பியாகத் தெரியும். மஞ்சள் பிளக் கொண்ட பழைய வீடியோ வயரில், பழைய டிவியில், அந்தக் கோடுகள் கசிந்து கலந்து கண்ணாடி போன்ற தண்ணீராகிவிடும். அந்த மங்கலை எதிர்பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள்.

மகனிடம் இன்னொரு தகவலையும் சொல்லுங்கள். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களுக்கான இணையக் கடைகளை மூடியது. எமுலேட்டரில் ஓடுவதற்கும் யாரோ ஒருவர் பழைய பொருளை வைத்திருந்து நகலெடுத்திருக்க வேண்டும். உங்களைப் போன்ற ஆட்களை வைத்துத்தான் மகனின் வசதி நடக்கிறது.

பிரிக்காத பெட்டியா? பிரித்துவிடுங்கள். விற்றவர் சொன்னது விற்பவருக்குச் சரியான அறிவுரை. பெட்டிக்குத் தர எண் கொடுத்து அக்ரிலிக் கூட்டில் அடைத்து ஏலம் விடுகிற ஒரு வியாபாரம் தனியாக நடக்கிறது, அதற்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. உறைக்குள் இருந்தால் காலம் நின்றுவிடும் என்பதும் தப்பு. சேவ் வசதி உள்ள பல கார்ட்ரிட்ஜ்களுக்குள் ஒரு நாணய பேட்டரி, தொழிற்சாலையில் பற்றவைத்த நாளிலிருந்து செலவாகிக்கொண்டிருக்கிறது. உறை பிரித்ததா பிரிக்காததா என்று அதற்குத் தெரியாது. அது செத்தால் சேவ் எல்லாம் போகும். போகிமான் கோல்டு, சில்வர் இரண்டிலும் உள்ளே கடிகாரமும் ஓடுவதால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். மாற்றுவது பெரிய வேலையில்லை: நின்டெண்டோ கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கேம் பாய்க்கும் அதுவேதான், கொஞ்சம் சால்டரிங் தெரிய வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பது போலி சர்க்யூட் பலகையா என்பதும் தெரிந்துவிடும், போலிகள் இப்போது தாராளம்.

ஓடாத கார்ட்ரிட்ஜை வாயால் ஊதாதீர்கள். ஊதினால் சரியாகிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள், உண்மையில் கழற்றி மறுபடி செருகுவதுதான் வேலை செய்கிறது. எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். சூப்பர் நின்டெண்டோவின் சாம்பல் உடல் மஞ்சளாகியிருந்தால் அது அழுக்கு இல்லை, தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின் செய்கிற வேலை. தேய்க்காதீர்கள். எனக்கு அந்த மஞ்சள் பிடித்தும் இருக்கிறது.

அலமாரியில் ஆடாதவை எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகம் வாங்குகிற யாருக்கும் அதைக் கேட்கிற யோக்கியதை கிடையாது. எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் ஒரு அபிப்பிராயம் உண்டு: முதல் பிளேஸ்டேஷனின் முப்பரிமாண ஆட்டங்களைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கேமரா ஒரு பக்கம் இழுக்கும், சுவர்கள் நெளியும். பழக்கமில்லாத கண்ணுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் ஆகியவற்றின் 16 பிட் காலத்துத் தட்டையான ஆட்டங்கள் அன்று போலவே இன்றும் இருக்கின்றன. சூப்பர் மெட்ராய்டு, பிறகு குரோனோ டிரிக்கர், அதன் பிறகு பிளேஸ்டேஷனுக்கே வந்தாலும் கேசில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட். இது 1997இல், எல்லோரும் முப்பரிமாணத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது பிடிவாதமாகத் தட்டையாகவே செய்யப்பட்டது.

வாங்கும்போது எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். ஐரோப்பிய டிவிகள் 50 ஹெர்ட்ஸில் ஓடியதால், அங்கே விற்ற பல ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும், பாட்டும் இழுத்துக்கொண்டே போகும். இரண்டாவது லெவலைத் தாண்ட அது உதவலாம், ஆனால் சோனிக்கை அப்படி ஆடுவதற்கு ஆடாமலே இருக்கலாம்.