பிரான்சைஸ் கொடுத்த நிறுவனத்தோடு தகராறு: நேரே கோர்ட்டுக்குப் போகலாமா?

டீக்கடை பிராண்ட் ஒன்றின் பிரான்சைஸ் எடுத்தீர்கள், சொன்ன வியாபாரம் நடக்கவில்லை, டெபாசிட்டையும் தர மறுக்கிறார்கள், கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். அதற்கு முன் அக்ரிமெண்டின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். இப்படி என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் ராயல்டி சதவீதத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். தகராறை யார், எந்த ஊரில் தீர்ப்பது என்ற பிரிவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். 'ஆர்பிட்ரேஷன், டெல்லி' என்று, அதாவது கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) டெல்லியில் தீர்ப்புச் சொல்வார் என்று, அங்கே ஒரு வரி இருந்தால், நீங்கள் உள்ளூரில் போடும் வழக்கை 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டியே நிறுத்திவிடுவார்கள்.

'ஆர்பிட்ரேட்டரை நிறுவனமே நியமிக்கும்' என்றிருந்தால் பயப்பட வேண்டாம். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானாகத் தனி ஆர்பிட்ரேட்டரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. பொதுவான ஒருவரை நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

ஆர்பிட்ரேஷன் பிரிவே இல்லையா? 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தில் பிரான்சைஸ் ஒப்பந்தம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. கோரும் தொகை 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றம்தான். அவசரத் தடை எதுவும் கேட்காத பட்சத்தில், முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போயே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மனுவையே நிராகரித்துவிடுவார்கள்.

பலர் இந்தச் சமரசத்தை வெறும் சடங்காக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. டெபாசிட் போன்ற பணத் தகராறுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கான அவகாசம் மூன்று மாதம், இருவரும் ஒப்புக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். அங்கே எழுதும் உடன்பாட்டுக்கு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பின் பலம் உண்டு. மெக்டொனால்ட்ஸும் அதன் வட இந்தியக் கூட்டாளி விக்ரம் பக்‌ஷியும் 2013இல் மோதத் தொடங்கினார்கள். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், லண்டன் ஆர்பிட்ரேஷன், 2017இல் 169 கடைகளின் உரிமம் ரத்து என்று நீண்டு, கடைசியில் 2019இல் பேசித்தான் முடித்தார்கள்.

அப்புறம், ஆதாரம். சேரும்போது 'மாதம் இவ்வளவு விற்கும்' என்று கணக்குப் போட்டுக் கொடுத்த தாள், வாட்ஸ்அப்பில் வந்த எக்செல் பக்கம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். அந்த போனை மாற்றாதீர்கள். 'விற்பனைக்கு நாங்கள் உத்தரவாதம் தரவில்லை' என்ற வரி அக்ரிமெண்டில் அநேகமாக இருக்கும். அதை எதிர்கொள்ள உங்களிடம் இருக்கப்போவது இவைதான்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய பெயர்ப் பலகையை மட்டும் விட்டுவைக்காதீர்கள். டிரேட்மார்க் வழக்கில் இடைக்காலத் தடை சீக்கிரம் கிடைத்துவிடும், உங்கள் பக்க நியாயமும் அடிபட்டுப்போகும். பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சொந்தப் பெயரில் டீக்கடை வைக்கலாமா என்றால், 'முடிந்தபின் இரண்டு வருடம் இதே தொழில் கூடாது' என்ற நிபந்தனை, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுக்கு முன்னால் பெரும்பாலும் நிற்பதில்லை. அவர்களுடைய ரகசியச் செய்முறையை மட்டும் தொடாதீர்கள்.