வெங்காய வேர்நுனியும் முழு மதிப்பெண்ணும்

அன்புள்ள ஐயா,

பள்ளியின் இறுதி ஆண்டுகளில், விரும்பியவர்கள் மட்டும் எடுக்கும் மேல்மட்ட உயிரியல் வகுப்பில் படிக்கிறேன். சென்ற வாரம் செய்முறை வகுப்பில் வெங்காய வேர்நுனியில் செல்கள் பிரிவதைப் பார்க்கச் சொன்னார்கள். நுண்ணோக்கியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நீள நீளமான பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. குரோமோசோம் ஒன்றுகூட அகப்படவில்லை. நேரமாகிவிட்டதால் புத்தகத்தைப் பார்த்து நான்கு நிலைகளையும் வரைந்து கொடுத்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. தான் கண்டதை அப்படியே வரைந்த என் தோழிக்குப் பாதிதான். இன்னொன்று: ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) கிடைக்கும் என்கிறது ஒரு புத்தகம், 30 அல்லது 32 என்கிறது மற்றொன்று. கேட்டால், "நம் புத்தகத்தில் உள்ளதை எழுது" என்கிறார்கள். உயிரியல் என்றால் மனப்பாடம்தானா? இந்த வகுப்பில் தொடர்வதா என்றே யோசிக்கிறேன்.

ஒரு மாணவி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தின் மிகச் சிறந்த வரி, நீங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் விட்ட வரிதான்: "நீள நீளமான பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி." அதைப் படித்ததுமே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. வேரில் செல்கள் மும்முரமாகப் பிரியும் இடம் மிகச் சிறியது; நுனியில் இருக்கும் வேர்மூடிக்கு அடுத்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அங்குள்ள செல்கள் சிறியவை, ஏறக்குறையச் சதுரமானவை. உட்கரு அவற்றில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் செல்கள் பிரிவதை விட்டுவிட்டு நீளத் தொடங்குகின்றன. நீங்கள் பார்த்தது அந்தப் பகுதியை. அங்கே நாள் முழுக்கத் தேடியிருந்தாலும் குரோமோசோம் கிடைத்திருக்காது. முழு மதிப்பெண் வாங்கிய அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பியிருந்தால், இதில் ஒரு சொல்லைக்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது.

சரியான இடத்தைப் பிடித்திருந்தாலும் உங்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருந்திருக்கும். அங்கும் பெரும்பாலான செல்கள் பிரிவதற்கு முந்தைய இடைநிலையிலேயே இருக்கும். குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் பளிச்சென்ற மெட்டாஃபேஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும். புத்தகத்தில் எல்லா நிலைகளும் ஒரே அளவுக் கட்டங்களில் வரிசையாக நிற்பதால், ஒவ்வொன்றும் சமமான நேரம் எடுக்கும் என்ற நினைப்பு நமக்கு வந்துவிடுகிறது. கண்ணாடித் தகட்டில் இருப்பவையோ, ஏதோ ஒரு கணத்தில் அப்படியே நிறுத்தப்பட்ட செல்கள். அவை ஒரே நேரத்தில் பிரியத் தொடங்குபவை அல்ல. ஆகவே எந்த நிலை அதிக நேரம் நீடிக்கிறதோ, அந்த நிலையில்தான் அதிகச் செல்கள் அகப்படும். உதாரணத்துக்கு, பிரிதலின் முதல் நிலையான புரோஃபேஸில் 50 செல்களும் மெட்டாஃபேஸில் 10 செல்களும் எண்ணினால், முன்னது பின்னதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நேரம் எடுக்கிறது என்று சொல்லலாம். உயிரற்ற செல்களைக் கொண்டு, கடிகாரமே இல்லாமல் காலத்தை அளக்கிறோம்! குரோமோசோம் தெரியாத இடைநிலைச் செல்களையும் எண்ணினால்தான் அந்தக் கணக்கு முழுமையாகும்.

உங்கள் தோழிக்கு வழங்கிய மதிப்பெண் தவறு. கட்டுக்கட்டாக நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியருக்குத் தெளிவான படம் கண்ணில் படுவது இயல்புதான். ஆனாலும் தவறு தவறுதான்.

புத்தகம் சொன்னதைத் தகட்டில் தேடுவது மாணவர்களின் பழக்கம் மட்டுமல்ல. மனித செல்லில் எத்தனை குரோமோசோம்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விலங்கியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் 1921-இல் எழுதியபோது, மிகத் தெளிவான தகடுகளில் தமக்கு 46 மட்டுமே தெரிந்ததாகக் குறிப்பிட்டார். இருந்தும் 1923-இல் 48 என்று முடிவு கட்டினார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள் 48 என்றே அச்சிட்டன. 1956-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று நிறுவினார்கள். அவர்களுடைய கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சக ஆய்வாளர்கள் சிலர் அதற்கு முந்தைய ஆண்டு கருவின் கல்லீரல் செல்களில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப 46 வந்திருக்கிறது. மீதி இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ஆய்வையே நிறுத்திவைத்துவிட்டார்கள். சரியான விடை கையில் இருந்தது. புத்தகத்தோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான். அந்த எண் திருத்தப்பட்ட பிறகே, 1959-இல், டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் 47 இருப்பதைக் கண்டு அதற்குப் பொருள் சொல்ல முடிந்தது.

ஏடிபி கணக்குக்கு வருகிறேன். இரண்டு புத்தகங்களும் ஒரே கூட்டலைத்தான் செய்கின்றன. எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகளான என்ஏடிஎச் 10, எஃப்ஏடிஎச்2 2, நேரடியாகக் கிடைக்கும் ஏடிபி 4. பழைய கணக்கில் என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2-வுக்கு 2, மொத்தம் 38. புதிய கணக்கில் 2.5, 1.5, மொத்தம் 32. அரை மூலக்கூறு எப்படி வரும் என்று கேட்பீர்கள். அந்த எலக்ட்ரான்களின் ஆற்றலால், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் தள்ளப்பட்டு, அவை திரும்பி உள்ளே பாயும்போதுதான் ஏடிபி உருவாகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்தார். 1978-இல் நோபல் பரிசும் பெற்றார். அணைநீர் பாய்ந்து சுழலியைச் சுற்றுவது போன்ற ஏற்பாடு அது. இடையில் வேறு வேலைகளுக்கும் புரோட்டான்கள் செலவாகின்றன. எனவே முழு எண்ணாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சைட்டோபிளாசத்தில் உருவாகும் இரண்டு என்ஏடிஎச்சும் எந்த வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்கு எலக்ட்ரான்களை அனுப்புகின்றன என்பதைப் பொறுத்து 32 என்பது 30 ஆகும். தேர்வில் உங்கள் புத்தகத்தின் எண்ணையே எழுதுங்கள். அதற்காக மனம் வருந்த வேண்டாம். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

மனப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெயர் தெரியாமல் பார்க்கவும் முடியாது, பார்த்ததை மற்றவருக்குச் சொல்லவும் முடியாது. கொஞ்சம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

வகுப்பை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம். இன்னொரு முறை அந்தத் தகட்டைச் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். நுனியிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போதிய நேரம் வையுங்கள்; செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை இளகினால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து பரவும். சாயம் ஏறியபின் கவர் ஸ்லிப்பை வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் சுருண்டுவிடும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் சதுரச் செல்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் பார்த்து நிலையைச் சொல்ல, மற்றவர் குறித்துக்கொண்டால் எண்ணிக்கை தவறாது.